ஓலை நுனிக்கு நாலு வெட்டுக்கிளி

பெரிய ஏரிக்கரையில் ஓர் ஈச்ச மரம் இருந்தது. அதன் ஓலைகளில் தூக்கணாங்குருவிக் கூடுகள் நெருக்கியடித்துத் தொங்கின. மரம் தனக்கே சொந்தம் என்றது கரியன் என்ற காக்கை. அதை நட்டது யார் என்று கேட்கத்தான் ஆளில்லை.

மஞ்சான் என்ற ஆண் குருவி அங்கே கூடு கட்ட இடம் கேட்டது.

"ஓலை நுனியா? தினமும் நாலு வெட்டுக்கிளி வாடகை!" என்றது கரியன்.

"போன வருஷம் ரெண்டுதானே!"

"இஷ்டமிருந்தா இரு. இல்லேன்னா நடையைக் கட்டு!"

நாலையும் கொடுத்துவிட்டால் குஞ்சுகளுக்கு எதை ஊட்டுவது? மஞ்சான் வாடகை குறைந்த அடிமட்டையில் பாதிக் கூடு பின்னியது. பெண் குருவி வந்து பார்த்துப் பிடித்தால்தான் ஆண் குருவி மீதியைக் கட்டும். அது தூக்கணாங்குருவிகளின் வழக்கம்.

பூவாய் என்ற பெண் குருவி வந்தது. கூட்டின் நாரை இழுத்துப் பார்த்தது.

"பின்னல் நல்லாத்தான் இருக்கு. ஆனா சாரைப்பாம்பு சுலபமா ஏறி வர்ற இடமாச்சே! இங்கே முட்டையிட எனக்கென்ன பைத்தியமா?"

மஞ்சானுக்கு அழுகையே வந்துவிட்டது. மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் கூடு அமையாவிட்டால் இந்த வருஷம் குஞ்சும் இல்லை, குடும்பமும் இல்லை.

மறுநாள் அது குன்றைத் தாண்டிப் பறந்தது. அங்கே ஒரு கம்பங்கொல்லை. ஓரத்தில் பழைய கிணறு. கிணற்றின்மேல் சாய்ந்து நின்றது ஓர் ஈச்ச மரம். அதில் ஒரு கூடுகூட இல்லை! வாடகை கேட்கக் காக்கையும் இல்லை! தண்ணீருக்கு நேர் மேலே, நல்ல நுனியாகப் பார்த்து மஞ்சான் பின்னியது.

"இதுதான் வீடு!" என்றது தேடி வந்து பார்த்த பூவாய். சில நாளில் மூன்று முட்டைகள் இட்டது.

சேதி பரவியது. ஏரிக்கரையிலிருந்து எட்டு ஆண் குருவிகள் வந்தன. அவற்றில் மூத்தது சடையன்.

"தம்பி, எங்களுக்கும் இங்கே நுனி கிடைக்குமா?"

மஞ்சான் நெஞ்சை நிமிர்த்தியது. "கிடைக்கும். நுனிக்கு நாலு வெட்டுக்கிளி!"

"அடப்பாவி! இதுக்கு அந்தக் கரியனே தேவலையே!" என்றது சடையன். எட்டும் அப்பாலிருந்த வேலமரத்துக்குப் போய்விட்டன.

"காக்கைக்குப் பயந்து ஓடி வந்தே. இப்ப நீயே காக்கையாயிட்டியே!" என்றது பூவாய். மஞ்சான் காதில் அது ஏறவில்லை. வராத வெட்டுக்கிளிகளை மனசுக்குள் தின்றுகொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து, ஒரு மத்தியானம், சாரைப்பாம்பு ஓலையில் ஊர்ந்து வந்தது. மஞ்சான் கத்தியது, பாய்ந்து கொத்தியது. ஒற்றைக் குருவியைப் பாம்பு சட்டை செய்யுமா? அதன் தலை கூட்டு வாசலுக்கே வந்துவிட்டது.

"ஐயோ, என் முட்டை!" என்று பூவாய் அலறியது வேலமரம் வரை கேட்டது. எட்டுக் குருவிகளும் பறந்து வந்தன. தலையில் கொத்தின, கண்ணருகே கொத்தின. பாம்பு பிடி தவறித் தொப்பென்று கிணற்றில் விழுந்தது.

சடையன் மூச்சு வாங்கியபடி கேட்டது. "தம்பி, பாம்பை விரட்டினதுக்கு எத்தனை வெட்டுக்கிளி தருவே?"

மஞ்சானை வெட்கம் பிடுங்கித் தின்றது. "அண்ணே, நுனியெல்லாம் உங்களோடது. வந்து கட்டுங்க. நார் நானே கிழிச்சுத் தர்றேன்!"

மழை இறங்குவதற்குள் கிணற்றின்மேல் ஒன்பது கூடுகள் ஆடின. மூன்று குஞ்சுகளும் வாயைப் பிளந்து கத்தின.

மலிவான இடம் தேடி வந்தவன், பின்னால் வருகிறவனுக்கு விலையை ஏற்றினால் இடம் மட்டுமே மிஞ்சும், துணை மிஞ்சாது.