ருசி பார்த்தவனுக்கும் ராஜநோய்

செங்கரைப் பாளையத்து ராஜாவுக்கு முதலில் வந்தது வெறும் முழங்கால் வலிதான். அரண்மனை வைத்தியர் அகோரப் பண்டிதர் ஒரு கஷாயம் கொடுத்தார். வலி போகவில்லை, கிறுகிறுப்பு வந்தது. கிறுகிறுப்புக்கு லேகியம் கொடுத்தார், தூக்கம் போயிற்று. தூக்கத்துக்குச் சூரணம் கொடுத்தார், கை நடுங்கத் தொடங்கிற்று. மருந்துச் செலவுக்கென்று ஊரில் வரி வேறு ஏறிற்று.

"இதெல்லாம் ராஜநோய். ராஜ ரத்தத்துக்கு மட்டும்தான் வரும்" என்று பண்டிதர் மீசையை முறுக்கினார். ராஜாவுக்கும் அதில் ஒரு பெருமை.

ராஜா வாயில் படுகிற எதையும் முதலில் அரண்மனைச் சேவகன் வெயிலுமுத்துதான் ருசி பார்க்க வேண்டும். விஷ பயம். மருந்தும் அப்படித்தான். ஒருநாள் அவன் கை நடுங்கி, கஷாயம் ராஜாவின் பட்டில் கொட்டிவிட்டது.

"டேய், நாளைக்கும் உன் கை நடுங்கினால் தலை இருக்காது!" என்று பண்டிதர் சீறினார்.

வெயிலுமுத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். நேரே போய்ச் சிம்மாசனத்தில் ராஜாவை ஒட்டி உட்கார்ந்தான். சபை பதறிப்போனது.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி உட்காருங்க. எனக்கும் கிறுகிறுப்பு, எனக்கும் தூக்கமில்லை, எனக்கும் கை நடுக்கம். முழங்கால் மட்டும்தான் நல்லா இருக்கு. பண்டிதர் சொல்றது நெசம்னா நானும் ராஜ ரத்தம். இல்லேன்னா, நோய் அவர் கிண்ணத்துல இருக்கு."

ராஜா கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு, "பண்டிதரே, நாளை முதல் நீரே முதலில் குடியும்" என்றார்.

மறுநாள் பண்டிதர் கொண்டுவந்தது ஒரே ஒரு மருந்து: முழங்காலில் தேய்க்க எண்ணெய்.