மூட்டத்தைப் பிரித்தவன்

"எவனோ ஒரு பாவி என் பிழைப்புல மண்ணள்ளிப் போடுறான். அவன் கை விளங்குமா, தாயி?"

கேட்டவர் வாழைக்காய் மண்டி செம்புலிங்கம்.

கேட்கப்பட்டவள் ஆற்றங்கரைப் படித்துறைக்கு வந்து தங்கி ஆறு வருஷம் ஆன ஒரு பெண். செம்புலிங்கத்தின் மூத்த மகளைவிட இரண்டு வயது கூட இருந்தால் அதிகம். பெயரை யாருக்கும் சொன்னதில்லை. ஊர் அவளைப் படித்துறையம்மா என்றது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள்.

அன்று திரும்பவில்லை. கால் இரண்டையும் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு, ஆற்றின் மேல் கலையாமல் கிடந்த பனியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன போச்சு?"

"பேர் போச்சு."

அந்தப் பேர் சும்மா வந்ததல்ல. பதினான்கு வயதில் சந்தையில் வாழைத்தார் சுமந்தவர் செம்புலிங்கம். ஏமாந்து ஏமாந்து, பிறகு ஏமாறாமல் இருக்கக் கற்றுக்கொண்டு, சொந்தமாக மண்டி வைத்தவர். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேச உட்கார்ந்தால் எதிராளிக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். கோபம் மூக்கு நுனியில் நிற்கும். ஆனாலும் அவர் மண்டிப் பூவன் பழத்தை இருபது வருஷமாக ஒருத்தரும் குறை சொன்னதில்லை.

பூவன் மரத்தோடு விட்டாலும் பழுக்கும், சீப்புக்கு ஒரு நாளாக. தார் முழுக்க ஒரே நாளில், ஒரே நிறத்தில் பழுக்க வேண்டுமானால் மூட்டம் போட வேண்டும். காற்று புகாத அறையில் தார்களை அடுக்கி, மூலையில் ஒரு சட்டியில் வைக்கோலையும் தேங்காய் நாரையும் புகைய விட்டு, கதவைச் சாத்தி, இடுக்கெல்லாம் மண் குழைத்துப் பூசிவிட வேண்டும்.

ஒரு பகல். ஒரு இரவு. புகை உள்ளேயே சுற்றும்.

மறுநாள் திறந்தால் காய் பச்சையாகத்தான் தெரியும். தெரியாதவன் தலையில் கை வைப்பான். தெரிந்தவன் எடுத்துத் தொங்கவிட்டுவிட்டுப் போய்விடுவான். இரண்டு நாளில் மஞ்சள் தானாக ஏறும்.

இந்த வருஷம் வரிசையாக மூன்று மூட்டம் கெட்டது. மேல்சீப்பு பழம், கீழ்சீப்பு காய், காம்பெல்லாம் கறுப்பு.

தையில் எதிர்ச்சாரியில் ஒருவன் புது மண்டி திறந்தான். அன்றிலிருந்துதான் எல்லாம் என்றார் செம்புலிங்கம். அவன் ஆள் வைத்து, நடுவில் மூட்டத்தைப் பிரித்துப் புகையை வெளியே விடுகிறான். வேறெப்படிக் கெடும்?

பதினோரு வருஷமாக மண் பூசிக்கொடுத்த சன்னாசியை இரண்டாவது மூட்டத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம்.

"அவர் பிரிச்சதைப் பாத்தீங்களா?"

"பாக்கணுமா? மூட்டத்துப் பக்கம் யாரும் வராதீங்க, முதலாளி நீங்களும்தான்னு என்கிட்டயே சொல்றான். மடியில கனமில்லாதவன் அப்படிச் சொல்வானா?"

"அவர் போன பிறகும் ஒண்ணு கெட்டுச்சே."

செம்புலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அப்ப வேற எவனோ."

"இப்ப மண் யார் பூசுறா?"

"நான்தான். இனி எவனை நம்புறது?"

பிறகு குரல் இறங்கிச் சொன்னார். வெள்ளிக்கிழமை தேர். கோயிலைச் சுற்றி நாற்பது அர்ச்சனைக் கடை. இருபது வருஷமாக நாற்பதுக்கும் பழம் அவர் மண்டியிலிருந்துதான். கடைக்காரர்களுக்கெல்லாம் பெரியவள் பாக்கியத்தம்மாள் நேற்று வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் சொல்லிவிட்டுப் போனாள். இந்த முறையும் சாமிக்குக் காய் வந்தால், அடுத்த திருவிழாவுக்கு நாற்பது பேரும் எதிர் மண்டிக்குப் போய்விடுவோம் என்று.

இன்று திங்கள். கடைசி லாரி விடியலில் வந்து நிற்கிறது. இன்றைக்குப் போடுகிற மூட்டம்தான். இன்னொன்றுக்கு நாளும் இல்லை, காயும் இல்லை.

"நான் காவல் இருக்கேன்" என்றாள் படித்துறையம்மா.

செம்புலிங்கம் என்ன கூலி என்றார். ஒன்றும் வேண்டாம் என்றாள். அவருக்குச் சந்தேகம் வந்தது. சும்மா வருகிற சரக்குக்குத்தான் விலை அதிகம் என்பது அவர் அடிபட்டுக் கற்ற பாடம். சொல்லு தாயி, பேசாமல் எதுவும் முடியாது என்று பழக்கத்தில் தோள்துண்டை எடுத்து விரித்தார்.

"துண்டு வேண்டாம். வெளிச்சத்துலயே பேசுவோம்" என்றாள். "பிடிபட்டவனுக்கு என்ன தண்டனை, இப்பவே சொல்லுங்க. பிடிச்ச பிறகு கூட்டக் கூடாது, குறைக்கவும் கூடாது. அதான் என் கூலி."

"கையை முறிக்கணும்."

"அவனும் அந்தக் கையாலதான் சாப்பிடுறான். இறங்குங்க."

செம்புலிங்கத்தை இறங்கு என்று சொன்னவர்கள் அந்தச் சந்தையில் குறைவு. அவர் மீசையைத் தடவினார். ஊரைவிட்டு ஓட்டணும் என்றார். அவள் உதட்டைப் பிதுக்கினாள். மண்டி வாசலில் ஒரு நாள் முழுக்க நிற்க வைக்கணும் என்றார். நின்றால் பழம் பழுக்குமா என்றாள். இப்படி ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசியில் அவரே எரிச்சலில் சொன்னார்:

"சரி. நான் சன்னாசியை அனுப்புனதே இவனாலதானே. அந்தப் பயல் போய் சன்னாசி வாசல்ல நின்னு, பிரிச்சது நான்தான்னு வாய்விட்டுச் சொல்லணும். சொல்லிட்டு வந்து அவன் கையாலயே மண் குழைச்சுப் பூசணும்."

"முடிவா?"

"முடிவு. இதுக்குக் கீழ ஒரு பைசா இறங்க மாட்டேன்."

அவள் காலைத் தண்ணீரிலிருந்து எடுத்தாள்.

*

வெயில் ஏறுவதற்குள் மூட்டம் போட்டாகிவிட்டது. செம்புலிங்கமே மண் பூசினார், அவசர அவசரமாக, ஓரத்தில் கொஞ்சம் மெலிசாக. படித்துறையம்மா கதவுக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

இதுதானா காவல் என்று தோன்றியது அவருக்கு.

உச்சி சாய்ந்தது. சந்தை ஓய்ந்தது. சுமைக்காரர்கள் சாக்கை விரித்துப் படுத்துவிட்டார்கள். எதிர் மண்டிக்காரன் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு குறட்டை விட்டான். தெருவில் ஒரு மாடு நின்றுகொண்டே தூங்கியது.

செம்புலிங்கம் பலகையில் உட்கார்ந்தபடி கதவையே பார்த்தார். பார்க்கப் பார்க்கக் கதவு கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போயிற்று. கண் எப்போது செருகியது என்று தெரியவில்லை.

அவர் மூட்டத்துக்குள் இருந்தார்.

உள்ளே சூடில்லை. மூச்சும் முட்டவில்லை. ஆற்றுப்பனி போலப் புகை மெதுவாக நகர்ந்தது. சுற்றிலும் தார்கள். அருகில் போய்ப் பார்த்தால் அவை தார்கள் இல்லை, கைகள். பச்சை விரல்கள், ஆயிரமாயிரம். எல்லாக் கையும் புகைக்கு அடியில் இன்னொரு கையைப் பிடித்திருந்தது. துண்டுக்கடியில் விலை பேசுவது போல, அவசரமில்லாமல், ஒரு விரலை அழுத்தி, இன்னொன்றை விட்டு.

என்ன பேசுகின்றன என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஆனால் இருபது வருஷ வியாபாரிக்கு ஒன்று தெரிந்தது. பேரம் படியப் போகிறது. இதோ, இன்னும் ஒரு விரல்தான்.

அப்போது துண்டை யாரோ தூக்கினார்கள்.

வெளிச்சம் கத்தி போல உள்ளே விழுந்தது. கைகளெல்லாம் திடுக்கிட்டு விலகின. பச்சை அப்படியே உறைந்து நின்றது.

வாசலில் ஒருத்தன். எட்டிப் பார்த்துவிட்டு முதுகைக் காட்டித் திரும்பி நடந்தான். அகலமான முதுகு. வலது தோளில் தார் சுமந்த காய்ப்பு. அந்த முதுகை எங்கேயோ பார்த்திருக்கிறோம் என்று நினைத்தார். எங்கே என்றுதான் தெரியவில்லை.

பலகையிலிருந்து துள்ளி எழுந்தார்.

கதவு சாத்தியிருந்தது. படித்துறையம்மா அப்படியே கண்மூடி இருந்தாள். தூங்குகிறாள், இந்த நேரம் பார்த்து எவனோ வந்துவிட்டுப் போய்விட்டான். வரவில்லையா? வந்திருப்பான். ஓரத்தில் பூச்சு கீறியிருக்கிறதே. தலைமுடி அளவு புகை நூலாக வெளியே வருகிறதே.

பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். ஒரு விரல் போகிற அளவு போதும்.

நகத்தைப் பூச்சில் கொடுத்தார்.

மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. இரும்பு போல இல்லை. ஆற்றுத் தண்ணீர் போலக் குளிர்ந்திருந்தது. ஆனால் அசைக்க முடியவில்லை.

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"விடு தாயி, நான்தான்."

விடவில்லை.

"அட, நான்தான் தாயி. எவனாவது பிரிச்சிருக்கானான்னு பாக்க வந்தேன்."

"போன மூட்டத்துல பாத்தீங்களா?"

"பாத்தேன். பாக்காம எப்படி? மூணு வாட்டியோ நாலு வாட்டியோ. பாத்துட்டு நானே பூசிட்டேனே."

"அதுக்கு முந்தினதுல?"

"அதுலயும் ஒண்ணு ரெண்டு..."

"முதல் மூட்டத்துல?"

அதில் அவர் யாரையும் தேடவில்லை. எதிர் மண்டிக்காரனுக்கு முன்னால் தன் பழம் வந்துவிட வேண்டுமே என்று, பழுத்துவிட்டதா பார்க்கத் திறந்தார். மணிக்கட்டை விடுவிக்க இழுத்தார்.

அவள் இன்னொரு கையால் அவர் தோள்துண்டை உருவி, இருவர் கைமேலும் போட்டாள்.

துண்டுக்கடியில் அவர் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

விட்டாள்.

பிறகு ஒரே ஒரு விரலை மட்டும் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

அந்தப் பாஷையில் அவருக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. மூட்டம் மூன்று, ஆள் ஒருத்தன். உள்ளங்கை வியர்த்தது. அவருடைய உள்ளங்கை.

எதிரே எதிர் மண்டிக்காரன் புரண்டு படுத்தான். இந்தப் பக்கம் அவன் முகம்கூடத் திரும்பவில்லை.

துண்டு சரிந்தது. செம்புலிங்கம் தன் கையை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். நகக்கண்ணில் இன்றைய ஈர மண். அதற்கு உள்ளே காய்ந்து கறுத்தது, முந்தின மூட்டங்களில் ஒட்டியது. எத்தனை முறை கழுவியும் போகாதது.

கதவோரத்தில் புகை நூல் இன்னும் வந்துகொண்டிருந்தது.

அரவம் கேட்டுச் சுமைக்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். முதலாளி யார்மேலோ பாய்ந்து பாய்ந்து ஏசுகிறார். வழக்கம்தான். ஆனால் எதிரே ஆள் யாரும் இல்லை. அந்த அம்மாகூட எழுந்து ஆற்றைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிட்டாள்.

"நிக்கிறியே, வெட்கமா இல்ல? பதினோரு வருஷம் அவன் பூசின கதவுடா இது. பேசினது பேசினதுதான், ஒரு பைசா குறையாது. சன்னாசி வீடு உனக்குத் தெரியும். போ. வாசல்ல நின்னு வாய்விட்டுச் சொல்லு. மண்ணை எப்படிக் குழைக்கிறதுன்னு அவன்கிட்டயே கேளு. கேட்டுட்டு, பொழுது இறங்குறதுக்குள்ள வந்து பூசுடா."