முதல் விள்ளல்

“எல்லாம் சரியாத்தான் இருக்கு. அப்புறம் ஏன் சிஸ்டர் தடுக்கிறீங்க?”

டாக்டர் வைரவன் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ரெஜினா உள்ளங்கையை வைத்திருந்தாள். மனநல வார்டின் நர்ஸ் அவள். டாக்டரைவிடப் பத்து வயது இளையவள்.

“ராசப்பனை இன்னைக்கு வீட்டுக்கு அனுப்ப வேண்டாம் சார்.”

“இருபது கேள்வி கேட்டிருக்கேன். யார் மேலயாவது கோபமா? இல்லை. யாராவது கெடுதல் செய்றாங்களா? இல்லை. அவங்க அம்மாகிட்டயும் கேட்டாச்சு. அடிச்சதே இல்லைங்கிறாங்க.”

“சோத்துப் பானையை உடைச்சானே?”

“ஏதோ ஆத்திரம்னு சொன்னான். மாத்திரை சாப்பிடுறான். நல்லாத் தூங்குறான்.”

“உங்க இருபது கேள்வியில சாப்பாடு இல்லையே சார்.”

“மூணு வேளையும் வயிறாரத்தான் சாப்பிடுறான்.”

“நாங்க போட்டா.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “அப்ப எப்படித்தான் தெரிஞ்சுக்கிறது?”

ரெஜினா தாளிலிருந்து கையை எடுத்தாள். எழுந்துபோய்க் காலைச் சாப்பாட்டு வாளியிலிருந்து ஒரு தட்டில் மூன்று இட்லி எடுத்தாள்.

டாக்டரும் பின்னால் வந்தார். நடையில் வேலம்மாள் உட்கார்ந்திருந்தாள். மகனைக் கூட்டிப்போக முதல் பஸ்ஸில் வந்தவள்.

“உங்க மகனுக்குக் குடுங்கம்மா.”

வேலம்மாள் தட்டைப் பார்த்தாள். டாக்டரைப் பார்த்தாள்.

“நீங்களே குடுத்துருங்களேன்.”

“நீங்க குடுங்க.”

ராசப்பன் வார்டுக்குள் பெஞ்சில் இருந்தான். அம்மா தட்டை நீட்டினாள். அவன் வாங்கவில்லை. நடு இட்லியை விரலால் காட்டினான்.

அவள் அதில் ஒரு விள்ளல் எடுத்துத் தன் வாயில் போட்டு மென்றாள். விழுங்கினாள். பிறகு வாயைத் திறந்து நாக்கை நீட்டிக் காட்டினாள்.

அவன் தலையசைத்தான்.

அவள் தட்டைப் பெஞ்சில் வைத்துவிட்டு, முகத்தை அவன் பக்கமே வைத்துக்கொண்டு, பின்பக்கமாகவே அடியெடுத்து வைத்துக் கதவருகே வந்து நின்றாள்.

டாக்டர் அவள் பக்கத்தில் வந்தார்.

“எத்தனை நாளா இப்படி?”

“ரெண்டு வருசம் இருக்கும்.”

“விஷம் வைக்கிறீங்கன்னு நினைக்கிறானா?”

“ம்.”

“நான் கேட்டப்ப ஒண்ணுமில்லைன்னீங்களே.”

“அவன் பக்கத்துலதானே சார் உக்காந்திருந்தான்.”

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். “அந்தப் பானை?”

“என்னைப் பார்த்துத்தான் எறிஞ்சான். குனிஞ்சுட்டேன்.”

“வீட்டுல வேற யாரு இருக்கா?”

“நாங்க ரெண்டு பேருதான்.”

“இந்த நிலைமையில எப்படிம்மா அனுப்ப முடியும்?”

“அடுத்தவங்க மேல கையை வைக்க மாட்டான் சார்.” கும்பிட்டாள். “என்னைத்தானே.”

டாக்டர் ரெஜினாவைப் பார்த்தார். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டும்மா. மருந்தை மாத்திப் பார்க்கலாம்.”

வேலம்மாள் அழவில்லை. ரெஜினா பக்கம் திரும்பினாள்.

“நீங்க போட்டா இப்படியெல்லாம் கேக்காமத் தின்னுறானா?”

“தின்னுறான்மா.”

“யாரு போட்டாலுமா?”

ரெஜினா தயங்கினாள்.

“ஆமா.”

“நல்லது” என்றாள் வேலம்மாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

பெஞ்சில் ராசப்பன் இரண்டு இட்லியைத் தின்று முடித்திருந்தான். மூன்றாவதைத் தொடவில்லை. தட்டை அம்மா நின்ற கதவுப் பக்கமாகத் தள்ளினான். ஈ உட்காராமல் இன்னொரு தட்டை எடுத்து அதன்மேல் கவிழ்த்துவிட்டு, கை கழுவப் போனான்.