கழற்றத் தெரியாத குரங்கு

ஒரு காட்டில் விலங்குகள் எல்லாம் சைக்கிள் ஓட்டின. காட்டின் நடுவே ஓர் ஏரி இருந்தது. ஏரியைச் சுற்றிச் செம்மண் பாதை. பாதையின் பெரும்பகுதியில் இருபுறமும் மரங்கள் அடர்ந்திருக்கும். மதகை ஒட்டிய கரைமேல் மட்டும் ஒரு மரம்கூடக் கிடையாது, வெறும் வெட்டவெளி.

அந்தக் காட்டில் கருமுகன் என்ற குரங்கு வாழ்ந்தது. நல்ல குரங்குதான், பிள்ளைகளே. ஆனால் யாராவது தன்னைப் பார்த்துச் சிரித்துவிடுவார்களோ என்ற பயம் அதற்கு எப்போதும் உண்டு. கிளை முறிந்து கீழே விழுந்தால்கூட, தானே குதித்ததுபோல எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொள்ளும்.

கருமுகனுக்கு ஒரு தோழி உண்டு. பவழி என்ற மலையணில். யார் எதைச் சொன்னாலும் அப்படியே நம்பிவிடும் குணம் பவழிக்கு. இலவ மரத்தின் உச்சியில் அது கூடு கட்டியிருந்தது. ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு அது தாவும்போது, பாதையில் போகிற விலங்குகள் நின்று பார்த்துவிட்டுத்தான் போகும். கருமுகன் கீழே சைக்கிள் ஓட்ட, பவழி மேலே கிளை கிளையாகத் தாவிக்கொண்டு கூடவே வரும். இரண்டும் பேசிக்கொண்டே ஏரியைச் சுற்றும்.

மழைக்காலம் வந்தது. ஈரத்தில் கருமுகனின் கால் பெடலைவிட்டு அடிக்கடி வழுக்கியது. ஒருநாள் யானைமேட்டு ஏற்றத்தில் கால் வழுக்கி, பெடல் சுழன்று வந்து காலிலேயே அடித்தது. கருமுகன் வலியில் நொண்டியது. கிளையில் வரிசையாக உட்கார்ந்திருந்த மைனாக்கள் அதைப் பார்த்துச் சிரித்தன.

கருமுகன் நேராக முள்ளம்பன்றியின் சைக்கிள் கடைக்குப் போனது. முள்ளம்பன்றி கறாரான பேர்வழி.

"அண்ணா, கால் வழுக்காத பெடல் ஒன்று வேண்டும்" என்றது கருமுகன்.

"பூட்டுப் பெடல் இருக்கிறது" என்று சொல்லி, முள்ளம்பன்றி ஒரு ஜோடி காலணியை எடுத்துக் காட்டியது. "இந்தக் காலணியின் அடியில் தகடு இருக்கிறது, பார். பெடல்மேல் வைத்து அழுத்தினால் டக்கென்று மாட்டிக்கொள்ளும். அப்புறம் கீழே மிதிக்கலாம், மேலேயும் இழுக்கலாம். ஏற்றத்தில் பாதி பாரம் குறைந்த மாதிரி இருக்கும்."

"இது போதும் அண்ணா."

"இரு, இன்னும் சொல்லி முடிக்கவில்லை. கழற்றுவதுதான் முக்கியம். குதிகாலை வெளிப்பக்கமாகத் திருப்ப வேண்டும். மேலே இழுத்தால் வரவே வராது. நிற்பதற்கு முன்னாலேயே ஒரு காலைக் கழற்றிவிட வேண்டும். மறந்தால், நின்ற இடத்திலேயே வண்டியோடு சாய்ந்துவிடுவாய். முதலில் எல்லாரும் விழத்தான் செய்வார்கள். நானும் விழுந்தவன்தான். புல்வெளிக்குப் போய் நாலு தரம் விழுந்து எழுந்தால் பழகிவிடும். இப்போதைக்குப் பெடலில் இருக்கிற திருகாணியைத் தளர்த்தி வைக்கிறேன். லேசாகத் திருப்பினாலே கழன்றுவிடும்."

கருமுகன் நிமிர்ந்து பார்த்தது. கடைக் கூரைமேல் மைனாக்கள் உட்கார்ந்திருந்தன.

"தளர்த்த வேண்டாம் அண்ணா. அதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு. இறுக்கியே வையுங்கள்."

முள்ளம்பன்றி ஒருமுறை அதன் முகத்தைப் பார்த்தது. "உன் கால், உன் விருப்பம்" என்று சொல்லித் திருகாணியை இறுக்கியது.

மறுநாள் பவழி கேட்டது. "புல்வெளிக்குப் போகலாமா? நீ விழுந்து பழகு. நான் பக்கத்திலேயே இருக்கிறேன்."

இரண்டும் போயின. புல்வெளியில் மைனாக்கள் வெட்டுக்கிளி பிடித்துக்கொண்டிருந்தன. கருமுகன் சைக்கிளைத் திருப்பிவிட்டது.

"இன்று வேண்டாம். புல் ஈரமாக இருக்கிறது."

அடுத்த நாள் வெயில் அதிகம் என்றது. அதற்கடுத்த நாள் முதுகு வலி என்றது. பவழி ஒவ்வொன்றையும் நம்பியது.

ஆனால் புதுப் பெடலை ஓட்டிப் பார்க்காமல் இருக்கக் கருமுகனால் முடியவில்லை. அது ஒரு தந்திரம் செய்தது. ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டே இரண்டு கால்களையும் பூட்டிக்கொள்ளும். பிறகு மரத்தைத் தள்ளிவிட்டுக் கிளம்பும். நிற்க வேண்டுமானால், நீளக் கையை நீட்டி இன்னொரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். வீட்டுக்கு வந்ததும் சைக்கிளை மரத்தில் சாய்த்து, காலணியின் கயிற்றை அவிழ்த்துக் காலை உருவிக்கொள்ளும். காலணி இரண்டும் பெடலிலேயே தொங்கும். கழற்ற வேண்டிய வேலையே இல்லை.

இப்போது யானைமேட்டில் அதை முந்த ஆளில்லை. காட்டுப்பன்றி மூச்சு வாங்கிப் பின்தங்கியது. கடமான் பாதி ஏற்றத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தது.

மைனாக்கள் பேசிக்கொண்டன. "பார்த்தாயா, கால் தரையில் படாமலே நிற்கிறது. என்ன ஒயில்!"

அந்தப் பேச்சு கருமுகன் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு புல்வெளிப் பக்கமே அது போகவில்லை.

ஒருநாள் பவழி மேலே தாவிக்கொண்டே கேட்டது. "கழற்றப் பழகிவிட்டாயா?"

"அதெல்லாம் எப்போதோ பழகியாயிற்று" என்றது கருமுகன்.

"நான் பார்க்கவே இல்லையே."

"நீ தூங்கிக்கொண்டிருப்பாய். விடியற்காலையில் பழகினேன்."

பவழி சந்தோஷப்பட்டது. பிறகு சில வாரம் அது வெளியே வரவில்லை. அதன் கூட்டில் குட்டிகள் பிறந்திருந்தன.

கருமுகன் தனியாகவே ஏரியைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அப்படி ஒரு மாலை அது மதகுக் கரைமேல் வேகமாக வந்தபோது, எதிரே பாதை ஓரத்தில் பவழி நின்றுகொண்டு வாலை ஆட்டியது. மரத்தைவிட்டு அவ்வளவு தூரம் பவழி இறங்கி வருவதே இல்லை. ஏதோ சொல்லத்தான் ஓடி வந்திருக்கிறது என்று கருமுகனுக்குத் தெரிந்தது.

கருமுகன் பிரேக் பிடித்தது. நன்றாகத்தான் பிடித்தது. சைக்கிள் வேகம் குறைந்து, பவழிக்குப் பக்கத்தில் வந்து அலுங்காமல் நின்றது.

"உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று வந்தேன். குட்டிகள் கண் திறந்துவிட்டன..." என்று பவழி ஆரம்பித்தது.

கருமுகன் பழக்கதோஷத்தில் கையை நீட்டியது. பிடிக்க மரம் இல்லை. சைக்கிள் மெல்லச் சாய்ந்தது. கருமுகன் காலை மேலே இழுத்தது, வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தது, வரவில்லை. குதிகாலைத் திருப்ப வேண்டும் என்று ஞாபகம் வந்தபோது தரை பக்கத்தில் வந்துவிட்டது.

பவழி நகரவே இல்லை. சைக்கிளும் கருமுகனும் அதன்மேல் விழுந்தன.

சத்தம் கேட்டு முள்ளம்பன்றிதான் ஓடிவந்து கருமுகனின் காலைத் திருப்பிக் கழற்றியது. சைக்கிளைத் தூக்கியபோது பவழியின் பின்னங்கால் இரும்புச் சட்டத்துக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. கரடி வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்.

"எலும்பு கூடிவிடும், ஆனால் வளைந்தேதான் கூடும். நடக்கலாம். மரம் ஏற முடியாது" என்றார் கரடி வைத்தியர்.

இலவ மரத்து உச்சியில் குட்டிகள் பசியில் கத்திக்கொண்டிருந்தன. கருமுகன் ஏறிப்போய், ஒவ்வொன்றாக மார்போடு அணைத்துக் கீழே கொண்டுவந்தது. மரத்தின் அடிப்பொந்தில் இலை பரப்பிப் பவழியையும் குட்டிகளையும் விட்டது. பிறகு பொந்தின் வாசலில் உட்கார்ந்தது.

கருமுகன் கேட்டது. "சைக்கிள் சாய்வது தெரிந்ததே. நீ ஏன் நகரவில்லை பவழி?"

பவழியின் குரலில் கோபம் இல்லை.

"கழற்றப் பழகிவிட்டேன் என்று நீதானே சொன்னாய். இதோ கால் ஊன்றப் போகிறாய் என்றுதான் நின்றுகொண்டிருந்தேன். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், தள்ளி நின்றிருப்பேனே கருமுகா."



மறுநாள் விடிந்ததும் அது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு புல்வெளிக்குப் போனது. மைனாக்கள் அங்கேதான் இருந்தன. கருமுகன் கால்களைப் பூட்டியது, கொஞ்ச தூரம் ஓட்டியது, நின்றது, விழுந்தது. மைனாக்கள் சிரித்தன. எழுந்து மறுபடி ஓட்டியது, மறுபடி விழுந்தது. மைனாக்கள் மறுபடி சிரித்தன. அதற்குப் பிறகு அவற்றுக்குச் சலித்துவிட்டது. வெட்டுக்கிளி பிடிக்கப் பறந்துபோயின.

புல்லில் பனி காய்வதற்குள் கருமுகனுக்குக் கழற்ற வந்துவிட்டது. குதிகாலைத் திருப்பினால் டக்கென்று கழன்றது. வலது காலும் கழன்றது, இடது காலும் கழன்றது. இத்தனை நாள் ஒளித்து ஒளித்துத் திரிந்தது இதற்குத்தானா என்று நினைத்தது. சைக்கிளைப் புல்லிலேயே போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதது.

மழைக்காலம் போய்க் கோடை வந்தது. குட்டிகள் வளர்ந்தன. தாவும் வயது வந்தது. தாய் முன்னே தாவ, குட்டிகள் பின்னே தாவிப் பழகுவதுதான் மலையணில்களின் வழக்கம். பவழியின் குட்டிகளுக்கு அப்படிக் காட்டிக்கொடுக்க ஆளில்லை. அவை தாமாகவே கிளையின் நுனிக்குப் போய், பயந்து திரும்பி வந்து, மறுபடி போயின.

பவழி வேரின்மேல் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கும். கருமுகன் பழம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காரும்.

ஒருநாள் மேலே இலைகள் சலசலத்தன. "அம்மா, நான் தாவப் போகிறேன்" என்று ஒரு சின்னக் குரல் கேட்டது.

பவழி கழுத்தை நீட்டிப் பார்த்தது. வளைந்த காலோடு கொஞ்சம் நகர்ந்து பார்த்தது. இலைகள்தான் தெரிந்தன.

"சின்னது எந்தக் கிளையில் நிற்கிறது? தாவிவிட்டதா? இங்கிருந்து எனக்குத் தெரியவில்லை" என்றது.

கருமுகன் மரத்தில் ஏறிப் பார்த்து, அங்கிருந்தபடியே தோழிக்குச் சொன்னது.

நீதி: தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்பவன் விழும்போது, அவனை நம்பிப் பக்கத்தில் நிற்பவர்மேல்தான் விழுகிறான்.