குருவம்மாள் தெளிக்காமல் விட்ட வயல்

முன்னொரு காலத்திலே, கொக்குகூட வெயிலுக்குப் பயந்து நிழல் தேடுகிற கார்வயல் நாட்டிலே, குருவம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். எதையும் லேசில் நம்பமாட்டாள். பால் வெள்ளை என்று நீங்கள் சொன்னால், கிண்ணத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொல்வாள்.

ஒரு வருஷம் வெயில் விடியலிலேயே கொளுத்தி, பூத்த நெல் கருகிப் பாதி பதராகப் போயிற்று. உடனே செப்புக்குடமும் கையுமாக வந்து சேர்ந்தான் தாம்பிரகேது என்ற மந்திரவாதி. குடத்துத் தண்ணீரைத் தெளித்தால் வெயில் தீண்டாது என்றான். தெளித்தார்கள். மறு வருஷம் முழுவதுமே பதர். யாரோ ஒரு சாண் நிலத்தைத் தெளிக்காமல் விட்டதுதான் காரணம் என்று அவன் சாதித்தான். ஊரார் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள்.

மூன்றாம் வருஷம் மூன்று கட்டளை போட்டான். ஒரு சாண்கூட விடக்கூடாது. உச்சிவேளைக்கு முன் வயலுக்குப் போகக்கூடாது. குடத்துக்குள் எட்டிப் பார்க்கக்கூடாது. மீறினால் ஊருக்கே விளையாது. ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

குருவம்மாளுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். வீட்டில் மிச்சம் மூன்று மரக்கால் விதைநெல். இதுவும் பதரானால் பிள்ளைகளோடு ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். மருந்து நல்லதென்றால் பார்ப்பதற்கு எதற்குத் தடை என்று அவள் மனசு அரித்துக்கொண்டே இருந்தது. நிலத்தை மூன்றாகத் தடுத்து நட்டாள். ஒன்றில் மந்திரத் தண்ணீர் தெளித்தாள், ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், ஒன்றைச் சும்மா விட்டாள். ஊருக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார்கள். பயந்துகொண்டேதான் செய்தாள்.

நெல் பூக்கும் நாள் வந்தது. விடியலில் வரப்போரம் பதுங்கிப் பார்த்தாள். கிணற்றுத் தண்ணீர் வயலும் சும்மா விட்ட வயலும் இளவெயிலில் பூத்தன, சூடு ஏறுமுன் மூடிக்கொண்டன. மந்திரத் தண்ணீர் குடித்த வயலோ தூங்கிக் கிடந்து, உச்சி வெயிலில் பூத்துக் கருகியது. ஒரு நாள் பார்த்தது போதாதென்று மூன்று நாள் பார்த்தாள். மூன்று நாளும் அதேதான்.

நெல்மணிக்குள் பால் பிடிக்கும் பருவத்தில் ராஜாவையும் ஊரையும் வயலுக்கே கூட்டிவந்தாள். மந்திரவாதியும் குடத்தைக் கட்டிக்கொண்டு ஓடிவந்தான்.

"இவதான் தெளிக்காம விட்டவ. உங்க சோத்துல மண்ணள்ளிப் போட்டவ இவதான்" என்றான். ஊர் அவள்மேல் பாய வந்தது.

"ஆமா, விட்டேன்" என்றாள் குருவம்மாள். "விட்ட வயல் ரெண்டும் பால் பிடிச்சு நிக்குது. தெளிச்சது மட்டும் ஏன் பதராச்சு? அதைக் கேளுங்க ராஜா."

மந்திரவாதி குடத்தோடு நழுவப் பார்த்தான். அவள் குடத்தைப் பிடுங்கிக் கவிழ்த்தாள். கொட்டியது அத்தனையும் நெற்பால்! தண்ணீர் தெளித்த வயல் வயலாக அவன் உறிஞ்சி வைத்திருந்தது. அது வாய்க்காலில் ஓடி ஓடி, ஊரிலுள்ள பதரெல்லாம் மணியாகத் திரண்டது. தாம்பிரகேது பதராகச் சுருங்கி, காற்றோடு போனான்.

என்ன வேண்டும் என்று ராஜா கேட்டார்.

"இனி யார் மருந்து கொண்டாந்தாலும் ஒரு வயலைச் சும்மா விட்டுப் பார்க்கச் சொல்லுங்க. மாட்டேன்னு சொல்றவனை எல்லையிலேயே திருப்பி அனுப்புங்க. அது போதும்."

அப்படியே சட்டமாயிற்று. அன்றைக்குக் குருவம்மாள் வீட்டு உலையில் புது அரிசி கொதித்தது. பிள்ளைகள் வயிறாரச் சாப்பிட்டார்கள்.