மின்னல் குடியிருந்த கிதார்

முன்னொரு காலத்திலே, கடிகாரத்துக்கு இன்னும் முள் முளைக்காத காலத்திலே, மணிமுழங்கி என்று ஒரு நாடு இருந்தது. பெயர்தான் மணிமுழங்கி. அங்கே ஒரு மணி முழங்கி மூன்று வருஷம் ஆகப்போகிறது. காரணத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

அந்த நாட்டு ராஜா பகட்டேந்திரனுக்குப் பளபளப்பு என்றால் உயிர். செருப்பு பளபளக்க வேண்டும், சாப்பிடுகிற தட்டு பளபளக்க வேண்டும், தட்டில் கிடக்கிற கத்தரிக்காய்கூடப் பளபளக்க வேண்டும். இப்படிப்பட்டவரைத் தேடி ஒரு மந்திரவாதி வராமல் இருப்பானா? வந்தான். பெயர் மெருகன். கையில் ஒரு தூரிகை, இடுப்பில் ஒரு சின்னச் சட்டி. சட்டியில் இருந்த மெருகை எதன்மேல் தடவினாலும் அது கண்ணாடி மாதிரி மின்னும். ஆனால் அதற்கப்புறம் அதிலிருந்து ஒரு சத்தம் வராது. கோயில் மணிக்குத் தடவினான், மணி ஊமையானது. நாகஸ்வரத்துக்குத் தடவினான், நாகஸ்வரம் ஊமையானது. சலங்கைக்குத் தடவினான், சலங்கையும் ஊமையானது. ராஜாவோ, "ஆகா, என்ன பளபளப்பு!" என்று கைதட்டினார். அரண்மனையில் மிச்சமிருந்தது அந்தக் கைதட்டல் ஒன்றுதான்.

கடைசியில் மெருகன் அரண்மனை முரசிடம் வந்தான். முரசு அறைகிற முத்திருளன் குறுக்கே போய் நின்றான். முரசுக்கோலை இறுகப் பிடித்துக்கொண்டு, "முரசுக்கெல்லாம் மெருகு பூசக் கூ..." என்றான். அவன் "கூடாது" என்று முடிப்பதற்குள் மெருகன் தூரிகையை அவன்மேலேயே இழுத்துவிட்டான். திறந்த வாயும் பிடித்த கோலுமாக, தலைமுதல் கால்வரை பளபளவென்று முத்திருளன் சிலையாகிவிட்டான். அப்புறம் முரசுக்கும் ஒரு பூச்சு விழுந்தது.

"மின்னலே வந்து பாடினாத்தான் இந்த மெருகு உடையும்," என்று மெருகன் சபையில் பீற்றிக்கொண்டான். "மூணு வருஷம் முடியுற அன்னிக்கு உச்சிப்பொழுதுல இது எலும்புக்குள்ள இறங்கிடும். அப்புறம் மின்னலாலயும் ஒண்ணும் பண்ண முடியாது!"

மந்திரவாதிகளுக்கு இது ஒரு வியாதி. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவர்களில் பாதிப்பேர் இன்றைக்கும் பிழைத்திருப்பார்கள்.

முத்திருளனுக்கு ஒரே ஒரு தங்கை, மருதாயி. வீணை, யாழ், தம்பூரா எல்லாம் செய்கிறவள். மெருகன் சொன்னதைக் கேட்ட நாளிலிருந்து மின்னலைத் துரத்தினாள். மலை ஏறினாள், மரம் ஏறினாள், கோபுரம் ஏறினாள். மின்னல் என்ன கோழிக்குஞ்சா, கூப்பிட்டால் வர? மூன்று வருஷம் முடிய ஒரே மாதம் இருந்தபோது, ஒரு கோடை மழையில், காட்டோரத்துப் பலாமரம் படீரென்று இரண்டாகப் பிளந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், பிளவுக்குள்ளே விரல் நீளத்தில் ஒரு குட்டி மின்னல் மாட்டிக்கொண்டு விசும்பிக்கொண்டிருந்தது.

"யாரு கண்ணு நீ?" என்று கேட்டாள் மருதாயி.

"சுடரி. மின்னல் வீட்டுக் கடைக்குட்டி. இறங்கும்போது கால் இடறிடுச்சு அக்கா. எங்க அண்ணன் இடி எப்பவும் எனக்குப் பின்னாலதான் வருவான். நான் ஒரு தடவை பலமாப் பாடினா, எங்க இருக்கேன்னு கேட்டு ஓடி வந்திடுவான். ஆனா இந்தப் பிளவுக்குள்ள இருந்து பாட்டே வரமாட்டேங்குது."

மருதாயி பிளவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்கும் என் அண்ணன்தான் வேணும்," என்றாள். "நீ பாடுறதுக்கு நான் ஒரு வீடு செஞ்சு தரேன். அதுல இருந்து பாடு. உன் அண்ணனும் வருவான், என் அண்ணனும் வருவான்."

சுடரியைச் செப்புச் சொம்பில் ஏந்தி, மரத்தை வண்டியில் ஏற்றி, பட்டறைக்கு வந்தாள். இன்றைக்குக் கடையில் எலெக்ட்ரிக் கிதார் என்று தொங்கவிட்டிருக்கிறார்களே, அதுதான் அவள் செய்யப்போவது. அன்றைக்கு அதற்குப் பெயரும் கிடையாது, அதைப் பார்த்தவரும் கிடையாது. அதனால் முதலில் ஒரு பலகையில் கரித்துண்டால் வரைந்து, குடிவரப்போகிறவளிடம் கேட்டுக் கேட்டு முடிவு செய்தாள்.

"மரம் எது? கருங்காலி?"

"மூச்சு முட்டும்."

"முருங்கை?"

"என்னைத் தொட்டதும் பத்திக்கும்."

"நீ விழுந்த பலா?"

"அதுக்குத்தான் என்னைத் தாங்கத் தெரியும்!" என்றது சுடரி. மின்னல் இறங்கியதில் அந்தப் பலா ஒரே நொடியில் உள்ளும் புறமும் காய்ந்தும் போயிருந்தது. மற்ற மரம் என்றால் காயவே வருஷங்கள் ஆகும்.

அடுத்தது உருவம். "என்னை மாதிரியே கோணல்மாணலா, ஒன்பது முனை வேணும்."

"ஒன்பது முனையை மடியில வச்சா வாசிக்கிறவன் வயிறு என்னத்துக்கு ஆகும்?"

"அப்ப ஏழு?"

"ரெண்டு."

"அஞ்சு?"

"மேல ரெண்டு கொம்பு, இடுப்புல ஒரு வளைவு. பேச்சு முடிஞ்சுது." சுடரி அரைநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. பிறகு எட்டிப் பார்த்து, "கொம்பு நல்லாத்தான் இருக்கு," என்று முணுமுணுத்தது.

மூன்றாவது, சுடரிக்குப் படுக்கை. தலைமயிரைவிட மெல்லிசான செப்புக்கம்பி, ஆயிரத்தெட்டுச் சுற்று. தொள்ளாயிரத்தில் எண்ணிக்கை தவறிப்போய், மருதாயி அவ்வளவையும் அவிழ்த்து மறுபடி ஒன்றிலிருந்து சுற்றினாள். அந்தச் சுருளுக்கு மேலே ஆறு எஃகுக் கம்பி. "கம்பி துடிச்சா நான் எழுந்து பாடுவேன்," என்றது சுடரி.

"ஆனா கை பிடிக்கிற கழுத்து மட்டும் என் இஷ்டம்," என்று சொல்லிவிட்டு, மருதாயி நூலை எடுத்துக்கொண்டு அரண்மனை முற்றத்துக்குப் போனாள். உலக்கைக் கனம் இருந்த முரசுக்கோலைச் சுற்றி நூலைவிட்டு அண்ணன் கைப்பிடியை அளந்தாள். அளக்கும்போது அவள் சுண்டுவிரல் அவன் உள்ளங்கையைத் தொட்டது. அங்கே சூடு இருந்தது! கோலை இறுகப் பிடித்திருந்ததால் தூரிகை அந்த இடத்துக்குள் மட்டும் போகவில்லை. மருதாயி அந்தச் சிலையைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். பார்த்தவர்கள், தங்கச்சி சிலையைத் துடைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

கோலின் கனத்துக்கே கழுத்தைச் செதுக்கினாள். கழுத்தும் உடம்பும் ஒரே மரம், நடுவில் ஒட்டு இல்லை. கழுத்தின் நுனியில் தலையும் இல்லை. கம்பியை முறுக்குகிற ஆணிகளை எல்லாம் கீழே உடம்புப் பக்கம் வைத்தாள்.

"தலையில்லாம ஏன் அக்கா?"

"தலை வச்சா மூடின கைக்குள்ள நுழையாது. நான் உன்னை அவன் கையில கொடுத்துட்டுத்தான் வாசிப்பேன். முழிச்சுப் பார்க்கும்போது அண்ணன் கை வெறுங்கையா இருக்கக் கூடாது."

எல்லாம் ஆயிற்று. இனி மேல்பூச்சு. இதில்தான் எல்லாரும் சறுக்குவார்கள். மருதாயி பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பூச்சு வந்தாலும், அதே மரத்தின் துண்டு ஒன்றில் பூசிக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவாள். மறுநாள் காலையில் விரலால் தட்டுவாள். 'டங்' என்றால் பூசலாம். இல்லையென்றால் பூச்சைத் தெருவில் கொட்டுவாள்.

அந்த நாட்டில் ஊமையானது மணிகள்தான், ஊர்வாய் இல்லை. பட்டறைச் சேதி மெருகன் காதுக்கு எட்டியது. முதல் நாள் ஒரு கிழவனாக வந்தான், இடுப்பில் அதே சின்னச் சட்டி. "பவளச் சிவப்பு இருக்கு தாயி. சும்மாவே தரேன்." மருதாயி துண்டில் பூசித் தொங்கவிட்டாள். காலையில் தட்டினாள். 'தொப்'. தெருவில் கொட்டினாள்.

பத்து நாள் கழித்து அதே சட்டியோடு ஒரு தட்டானாக வந்தான். "தங்கப்பொடி கலந்த பூச்சு இருக்கு தாயி. சும்மாவே தரேன்." பூசினாள், தொங்கவிட்டாள், தட்டினாள். 'தொப்'. அதுவும் தெருவுக்குப் போயிற்று.

மூன்று வருஷம் முடிகிற நாள் விடிந்தது. வாசலில் களைத்துப்போன ஒரு பெண் வந்து நின்றாள். "கண்ணாடிப் பூச்சு இருக்கு தாயி. முகம் பார்க்கலாம். சும்மாவே தரேன்." மூன்று பேர் இடுப்பிலும் ஒரே சின்னச் சட்டி. நீங்கள் கவனித்தீர்கள், மருதாயி கவனிக்கவில்லை.

"வேண்டாம்மா, தட்டிப் பார்க்க நேரமில்லை. எண்ணெய் தடவிக்கிறேன்," என்றாள்.

ஆனால் சுருளுக்குள்ளிருந்து சுடரி தலையை நீட்டியது. "அக்கா, நான் என் முகத்தைப் பார்த்ததே இல்லை. நாங்க வந்த வேகத்துல போயிடுவோமே, யாரு கண்ணாடி காட்டுவாங்க? ஒரே ஒரு தடவை அக்கா."

மருதாயி மனசு இளகிவிட்டது. அவளைத் திட்டாதீர்கள், நீங்களானாலும் இளகித்தான் இருப்பீர்கள். கழுத்தின் பின்பக்கம் பூசினால் வாசிக்கிற கை ஒட்டிக்கொண்டு ஓடாது என்று அதை மட்டும் வெறும் எண்ணெயோடு விட்டாள். மற்ற இடமெல்லாம் பூசினாள்.

"ஐ! நான்தானா அது? இவ்வளவு அழகா நா..."

அத்தோடு குரல் நின்றது. பூச்சு படுக்கையை மூடிவிட்டது. கம்பியைச் சுண்டினாள், சத்தம் இல்லை. மறுபடி சுண்டினாள், சத்தம் இல்லை. வாசலில் நின்ற பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கச் சேலை உதிர்ந்து மெருகன் நின்றான். "மாட்டினாளா மின்னல்! வா, ராஜாகிட்ட காட்டுவோம்!" என்று கிதாரைத் தூக்கிக்கொண்டு அரண்மனைக்கு நடந்தான்.

மருதாயி தலையிலடித்துக்கொண்டு பின்னால் ஓடினாள். "ஐயோ, தட்டிப் பார்க்காம பூசிட்டேனே! என் அண்ணனையும் விட்டேன், அந்தப் பொண்ணையும் பூட்டிட்டேனே!" முற்றத்தில் கிதாரைப் பிடுங்கப் பார்த்தாள். பிடுங்க முடியவில்லை. ஆனால் அவள் விரல் கழுத்தின் பின்பக்கத்தில் பட்டது. சுரீர் என்றது.

மருதாயி கண்ணைத் துடைத்தாள். சுடரி சாகவில்லை! ஒட்டில்லாத ஒரே மரம், பூச்சில்லாத கழுத்து. வழி இருக்கிறது. வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. சிலையின் நிழல் காலடியில் ஒரு சாண்தான் மிச்சம்.

ராஜா கிதாரைப் பார்த்துவிட்டு, "ஆகா, என்ன பளபளப்பு! சுவரில் மாட்டுங்கள்!" என்றார்.

"மகாராஜா," என்று மருதாயி கைகூப்பினாள். "சுவர்ல மாட்டினா முன்பக்கம் மட்டும்தான் தெரியும். பளபளன்னு நிக்கிற ஒரு ஆளு கையில கொடுத்தா நாலு பக்கமும் மின்னுமே?"

"பேஷ்! பேஷ்! மெருகா, நீயே கொடு!"

பாராட்டு என்றால் மெருகனுக்குத் தலைகால் புரியாது. முரசுக்கோலை உருவி எறிந்துவிட்டு, தன் கையாலேயே கிதாரின் கழுத்தை முத்திருளனின் மூடிய கைக்குள் நுழைத்தான். கழுத்து சிக்கென்று பொருந்தியது. பொருந்தாமல் என்ன? அளந்து செய்தவள் யார்?

நிழல் நாலு விரல் ஆயிற்று. ஒன்றுமில்லை. மூன்று விரல் ஆயிற்று. ஒன்றுமில்லை. இரண்டு விரல் ஆனபோது, பலாவின் ரேகையோடு ஊர்ந்து ஊர்ந்து வந்த சுடரி கழுத்துக்கு வந்து சேர்ந்தது. வெறும் மரத்திலிருந்து வெறும் உள்ளங்கைக்குத் தாவியது. சுரீர்! மூன்று வருஷமாக அசையாத விரல்கள் துடித்தன. விரல்கள் துடித்தால் கம்பி துடிக்கும். கம்பி துடித்தால்?

மின்னல் பாடியது. அடேயப்பா, அது என்ன பாட்டு! கோட்டைச் சுவர் அதிர, குளத்துத் தண்ணீர் அதிர, கேட்டவர் நெஞ்சுக்கூடு அதிரப் பாடியது. மேகமே இல்லாத வானத்திலிருந்து, "வந்துட்டேன்ம்மா!" என்று இடி முழங்கியது. முத்திருளன்மேல் இருந்த மெருகு அப்பளமாக நொறுங்கி விழுந்தது.

"...டாது!" என்றான் முத்திருளன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் தொடங்கிய பேச்சை அவன் முடித்துவிட்டான். எதிரே தங்கை நின்றாள், தன் கையில் என்னவோ இருந்தது. "என்ன தாயி, ஏன் அழுவுற? கோல் எங்கே? இது என்னது?" மருதாயி அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மெருகு உதிர உதிர மணி அடித்தது, நாகஸ்வரம் ஊதியது, சலங்கை குலுங்கியது, முரசு தானாக அதிர்ந்தது. மெருகன் மந்திரத்தால் தன்மேல் பூசிக்கொண்டிருந்த பளபளப்பும் உதிர்ந்தது. உள்ளே கறைபடிந்த சட்டையோடு ஒரு சின்ன மனிதன்தான் இருந்தான். மந்திரம் எல்லாம் அந்தப் பூச்சோடு போயிற்று. ராஜாவே வெட்கத்தோடு ஒரு துடைப்பத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தார். உதிர்ந்த மெருகு நாடு முழுக்கக் கிடக்கிறதே, யார் பெருக்குவது?

கிதாரின் கண்ணாடிப் பூச்சும் கழன்றிருந்தது. கீழே பலாவின் மஞ்சள் நிறம். அதில் சுடரி ஊர்ந்து வந்த வழி, கிளைகிளையாகக் கருகிய கோடாகப் பதிந்திருந்தது. "அக்கா, நான் ஊருக்குப் போறேன்," என்றது சுடரி. "ஆனா வீட்டை யாருக்கும் வாடகைக்கு விட்டுடாதே. மழைக்கு மழை வருவேன். முகமும் பார்த்தாச்சு, அழகாத்தான் இருக்கேன்!" சொல்லிவிட்டு அண்ணன் இடியின் தோளில் ஏறிக்கொண்டது.

ராஜாவுக்கு மட்டும் பழைய ஆசை விடவில்லை. கிதாரைச் சுற்றிச் சுற்றி வந்து, மெதுவாகக் கேட்டார். "இதற்கு மேலே ஏதாவது ஒரு பூச்சு..."

"பூசக் கூடாது!" என்றது மணிமுழங்கி நாடு முழுவதும்.

அவர்கள் பாடிக்கொண்டு இருந்தார்கள், நாம் கேட்டுக்கொண்டு இருக்கிறோம். அடுத்த மழையில் ஒரு மின்னல் வெட்டினால் காதைப் பொத்தாதீர்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுங்கள். தங்கை போன வழியில் அண்ணன் வந்துகொண்டிருப்பான்.