முதல் கரும்பைக் கடிக்க வேண்டியவர்

எந்த ராஜா காலத்தில் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. மூடுபனிக்கும் கரும்புத் தோகைக்கும் நடுவே ஓர் ஊர் இருந்தது. அங்கே ஒரு வழக்கம். வெட்டு நாளில் ஊர்ப் பெரியவர் முதல் கரும்பைப் பல்லால் உரித்து, மென்று பார்த்து, "முத்திருச்சு" என்று சொன்னால்தான் மற்றவர்கள் வயலில் அரிவாள் வைக்கலாம். கடிக்க முடியாதவருக்குப் பெரியவர் பட்டம் கிடையாது.

அந்த ஆண்டு பெரியவர் சடையப்பருக்கு ஈறெல்லாம் வீங்கி, மிச்சமிருந்த பற்களும் ஆடத் தொடங்கின. மனைவி சொர்ணத்திடம் மட்டும் சொன்னார்.

"என் மேல ஆணை. இதை நீ யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

அவளும் கையடித்துச் சத்தியம் செய்தாள். அன்றிலிருந்து அவருக்கு வடித்த கஞ்சித் தண்ணீர்தான்.

கஞ்சி தொண்டையில் சுகமாக இறங்கியது, உடம்பில்தான் ஒட்டவில்லை. நடக்கும்போது கால் தரையில் படுகிறதா என்றே சடையப்பருக்குச் சந்தேகம் வந்தது. அந்த மிதப்பு அவருக்குப் பிடித்தும் இருந்தது. கண்ணை மூடினால் வறுத்த வேர்க்கடலை மழையாகப் பெய்யும். அண்ணாந்து வாயைத் திறப்பார், ஒன்றும் விழாது. விழித்து எழுந்தால் வேட்டி இடுப்பில் நிற்காது. வயசானால் இளைக்கத்தானே செய்யும் என்றது ஊர். சொர்ணம் அடுப்படியில் அழுதாள். அழுதுவிட்டு மறுபடியும் கஞ்சியையே வடித்தாள், பாவம்.

வெட்டு நாள் வந்தது. மகள் பூங்கோதை புகுந்த வீட்டிலிருந்து வந்திருந்தாள். வயலுக்குக் கிளம்பும் நேரத்தில்தான் அப்பா வாய் கொப்பளித்த தண்ணீரில் ரத்தத்தையும், அடுப்பில் வெறும் கஞ்சியையும் பார்த்தாள். வயலில் ஊரே கூடி நிற்க, சடையப்பர் கரும்பை வாயருகே கொண்டுபோனார். தலை சுற்றி, அவர் கண்ணுக்கு வயல் அலையலையாக அசைந்தது. பூங்கோதை பாய்ந்து கரும்பைப் பிடுங்கினாள்.

"அப்பாவால கடிக்க முடியாது. வாயெல்லாம் புண்ணு. பட்டினியில உருகிட்டிருக்காரு, யாராவது வைத்தியரைக் கூட்டியாங்க!"

ஒருவன் வைத்தியர் வீட்டுக்கு ஓடினான். சடையப்பர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். பட்டம் அந்த இடத்திலேயே போயிற்று.

"இத்தனை பேரு முன்னால அப்பா மானத்த வாங்கிட்டியேடி. நான் குடுத்த வாக்கக் காப்பாத்துனேன்" என்று சொர்ணம் கத்தினாள்.

"வாக்கக் காப்பாத்துன. அப்பாவ?" என்றாள் மகள்.

கேட்டுக்கொண்டிருப்பவர்களே, நீங்களே சொல்லுங்கள். சத்தியத்தைக் காத்த சொர்ணமா, ஊரறியப் போட்டு உடைத்த பூங்கோதையா, யார் செய்தது சரி?

விடை: பூங்கோதை செய்ததுதான் சரி. அவள் யாருக்கும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை, காதோடு சொல்லிப் பார்க்க நேரமும் இல்லை. சொர்ணமோ சொல் தவறாமலேயே கணவரைக் காத்திருக்கலாம். யாரிடமும் சொல்லாதே என்றுதான் அவர் கேட்டார். பருப்பைக் குழைக்காதே, முட்டையை அவிக்காதே, முள் நீக்கி மீனை மசிக்காதே என்று கேட்கவில்லையே! ஆடிய பற்களை வைத்தியர் பிடுங்க, புண் ஆறியதும் சொர்ணம் பருப்பும் கீரையும் சேர்த்துக் குழைத்து ஊட்டினாள். சடையப்பர் விழுங்கிவிட்டு, "இன்னுங் கொஞ்சம் போடு" என்றார். சொர்ணம் கரண்டி கரண்டியாக அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாள்.